600 கிமீ வேகத்துல பறக்குற ரயில்னு நியூஸ் வந்தா நம்பலாமா வேணாமான்னு நாமளே கணக்கு போட்டு பாக்குறது எப்படி

எங்க அக்கா பையன் வாரத்துக்கு ஒரு வீடியோ அனுப்பிடுவான். வெள்ளை கலர்ல மூக்கு நீண்ட ரயில், பின்னாடி டமடமன்னு மியூசிக், கீழ "மாமா பாத்தீங்களா, இனிமே பிளேனுக்கே வேலை இல்ல". ஆரம்பத்துல நானும் வாயப் பொளந்து பாத்துட்டு நாலு பேருக்கு அனுப்பி வச்சவன் தான். அப்புறம் ஒரு நாள் சும்மா கால்குலேட்டர எடுத்து ஒரு வீடியோவுல சொன்ன நம்பர போட்டு பாத்தேன், அன்னைக்கு தான் புரிஞ்சுது, இந்த விஷயத்துல வேகம்னு சொல்ற நம்பர் தான் இருக்குறதுலயே உதவாத நம்பர். மத்த நம்பருங்கள கேட்டா தான் கதை வெளிய வரும். அத எப்படி கேக்குறதுன்னு தான் இங்க எழுதுறேன், பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ் போதும், போன்ல கால்குலேட்டரும் மேப்பும் இருந்தா சரி.

மொதல்ல ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மணிக்கு இத்தன கிமீன்னு குடுத்தா அத 3.6 ஆல வகுங்க, விநாடிக்கு எத்தன மீட்டர்னு வந்துடும். 300 கிமீ வேகம்னா விநாடிக்கு 83 மீட்டர். 500னா 139. 600னா 167. ஒரே விநாடியில ஒன்றரை ஃபுட்பால் கிரவுண்ட் தாண்டிடும். இனி வர கணக்கு எல்லாமே இந்த நம்பர வச்சு தான்.

இப்போ ஒரு சாம்பிள். 2025 ஜூன்ல சீனாவுல ஹூபேய் மாகாணத்துல இருக்குற டோங்ஹூ லேப்ல ஒரு டெஸ்ட் பண்ணாங்க, 7 விநாடியில 650 கிமீ வேகம். உலகமே ஷேர் பண்ணுச்சு. நிஜமா நடந்த டெஸ்ட் தான், டூப் இல்ல. ஆனா கணக்கு போடுங்க. 650ஐ 3.6 ஆல வகுத்தா 180. அத 7 விநாடியால வகுத்தா கிட்டத்தட்ட 26. புவியீர்ப்பு 9.8ன்னு வச்சா இது 2.6 ஜி. பிளேன் கிளம்புறப்போ முதுகு சீட்டோட ஒட்டிக்கிதே, அதுவே 0.3 ஜி பக்கத்துல தான். அதப் போல எட்டு ஒம்போது மடங்கு. கையில டீ கப்போட பெட்டிக்குள்ள நடந்து போற ஆளுங்கள வச்சுகிட்டு இத செய்யவே முடியாது. அதோட அந்த வண்டியோட எடை 1.1 டன், ஒரு சின்ன கார் எடை தான்னு சொல்லலாம். அப்போ இது ரயில் இல்ல, மோட்டாரையும் கண்ட்ரோலையும் பிரேக்கையும் சோதிச்ச ஒரு டெஸ்ட் வண்டி. அந்த வேலைக்கு அது அருமையான டெஸ்ட். நியூஸ்ல தான் அதுக்கு ரயில்னு பேர் வச்சுட்டாங்க.

அடுத்து கேக்க வேண்டியது, டெஸ்ட் ட்ராக் எத்தன கிலோமீட்டர்? இத யாருமே கேக்க மாட்டேங்குறாங்க. ஆள் ஏத்திட்டு போற ரயில் சாதாரணமா விநாடிக்கு அரை மீட்டர் கணக்குல தான் வேகம் கூட்டும், கொஞ்சம் முன்ன பின்ன. அந்த கணக்குல 300 கிமீ வேகம் எடுக்கவே 7 கிமீ தூரம் வேணும். 500க்கு 19 கிமீ. 600க்கு கிட்டத்தட்ட 28 கிமீ, அதுவும் வேகம் எடுக்க மட்டும், நிக்குறதுக்கு தனியா வேணும். வேகத்த ஸ்கொயர் பண்ணி, முடுக்கத்தோட ரெட்டிப்பால வகுங்க, அவ்ளோ தான் ஃபார்முலா. மேக்லெவ், அதாவது சக்கரம் இல்லாம காந்தத்தால மிதந்து ஓடுற ரயில், இத விட வேகமா முடுக்கும், சரி ரெட்டிப்பாவே வச்சுக்கோங்க, அப்பவும் 14 கிமீ. ஜப்பான்ல யமனாஷியில இருக்குற டெஸ்ட் லைன் 42.8 கிமீ. அதனால தான் 2015 ஏப்ரல் 21ல அங்க எல்-ஜீரோ ரயில் ஆள வச்சுகிட்டே 603 கிமீ தொட்டப்போ யாரும் சந்தேகப்படல, அதுக்கு ஓடுற இடம் இருந்துச்சு. 2021 ஜூலையில சீனாவோட சிஆர்ஆர்சி கம்பெனி சிங்டாவ்ல 600 கிமீ மேக்லெவ்னு ஒரு அழகான ரயில வெளிய கொண்டாந்து நிறுத்துச்சு. ரயில் ரெடி. ஆனா 600ல ஓட்டணும்னா இருவது முப்பது கிமீ நேரான ட்ராக் வேணுமே. அந்த மாதிரி நியூஸ் வரப்போ "ஓடுச்சா, இல்ல நிறுத்தி வச்சு போட்டோ எடுத்தாங்களா"ன்னு தேடிப் பாருங்க, பாதி வீடியோ அங்கயே படுத்துடும்.

ரெக்கார்டையும் டெய்லி சர்வீஸையும் போட்டு குழப்பிக்குறவங்க தான் நிறைய. 2007 ஏப்ரல் 3ல பிரான்ஸ்ல டிஜிவி சக்கர ரயில் 574.8 கிமீ ஓடுச்சு, நல்லா கவனிங்க, மேக்லெவ் இல்ல, இரும்பு சக்கரம் இரும்பு தண்டவாளம். அதுக்காக பெரிய சைஸ் சக்கரம் மாட்டுனாங்க, மேல கம்பியில 25 ஆயிரம் வோல்ட்டுக்கு பதிலா 31 ஆயிரம் ஏத்துனாங்க, கம்பிய இன்னும் இழுத்து கட்டுனாங்க, பெட்டிய கொறச்சாங்க. அது நடந்து இத்தன வருஷம் ஆகியும் டிஜிவி தினமும் ஓடுறது அதிகபட்சம் 320 தான். ஏன்னா 574ல தினமும் ஓட்டுனா தண்டவாளமும் கம்பியும் தேஞ்சு பராமரிப்பு செலவுலயே கம்பெனி மூழ்கிடும். அதனால எந்த ரெக்கார்டு பாத்தாலும் பக்கத்துல "டிக்கெட் வாங்குனா எவ்ளோ வேகம்"னு ஒரு தனி வரி போட்டுக்கோங்க. ஜப்பான் மேக்லெவ்ல ரெக்கார்டு 603, சர்வீஸ் ஆரம்பிச்சா ஓட்டப் போறது 505. சீனாவோட புது சக்கர ரயில் சிஆர்450, 2024 டிசம்பர்ல காட்டுனது, டெஸ்ட் வேகம் 450, சர்வீஸ் 400ன்னு அவங்களே பிரிச்சு சொல்றாங்க, எனக்கு அந்த நேர்மை பிடிச்சிருக்கு.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணத்துக்கு வரேன். ஷாங்காய் மேக்லெவ். ஜெர்மன்காரங்களோட டிரான்ஸ்ரேபிட் டெக்னாலஜி, 2000களோட ஆரம்பத்துல இருந்து ஓடுது, 30 கிமீ தூரம், உச்ச வேகம் 431. 431ல போனா பயணம் 7 நிமிஷம் 20 விநாடி. முன்னாடி காலையிலயும் சாயங்காலத்துலயும் சில டிரிப்புகள 300லயே ஓட்டுனாங்க, அப்போ எவ்ளோ ஆச்சுன்னு நினைக்குறீங்க? வெறும் 50 விநாடி கூட. அவ்ளோ தான்! 131 கிமீ வேகத்த கூட்டி அவ்ளோ கரெண்ட்ட கொட்டி சம்பாதிச்சது ஒரு நிமிஷம் கூட இல்ல. காரணம் ட்ராக் சின்னது, உச்ச வேகத்த தொட்டவுடனே பிரேக் போட வேண்டிய நேரம் வந்துடுது. 2021ல இருந்து எல்லா டிரிப்பையும் 300லயே ஓட்டுறாங்க. 30 கிமீய 7 நிமிஷம் 20 விநாடியால வகுத்து பாத்தா சராசரி 245 தான். உச்ச வேகத்த பாக்காதீங்க, சராசரிய பாருங்கன்னு நான் தொண்ட கிழிய கத்துறது இதுக்கு தான்.

அந்த லைன்ல இன்னொரு பாடமும் இருக்கு. ஏர்போர்ட்ல ஏறுனா அது கொண்டு போய் விடுறது லோங்யாங் ரோடு ஸ்டேஷன்ல, ஊரோட நடுவுல இல்ல. அங்க இறங்கி மெட்ரோ பிடிக்கணும், லக்கேஜ தூக்கிட்டு. மேக்லெவோட பெரிய பலவீனமே இங்க தான் இருக்கு, பழைய தண்டவாளத்துல அது ஓடாது. டிஜிவி என்ன பண்ணும்னா ஊருக்கு வெளிய தனி லைன்ல 300ல பறந்துட்டு வந்து, கடைசி கொஞ்ச தூரம் நூறு வருஷ பழைய லைன்லயே மெதுவா உருண்டு நடு ஊர் ஸ்டேஷனுக்குள்ள போய் நிக்கும். மேக்லெவுக்கு அந்த சலுகை கிடையாது, ஊருக்கு நடுவுல போகணும்னா பூமிக்கு அடியில புதுசா தோண்டணும். அதனால ஒவ்வொரு பிளானுக்கும் வீட்டு வாசல்ல இருந்து போற எடத்து வாசல் வரைக்கும் மொத்த நேரம் எழுதிப் பாருங்க. ஸ்டேஷனுக்கு போக, செக்யூரிட்டி, காத்திருப்பு, ஓட்டம், இறங்கி அடுத்த வண்டி மாறுறது. தூரம் கம்மியா இருந்தா பல நேரம் 500 கிமீ ரயிலும் 300 கிமீ ரயிலும் இந்த லிஸ்ட்ல பத்து நிமிஷ வித்தியாசத்துல வந்து நிக்கும்.

நடுவுல நிக்குற ஸ்டேஷனையும் எண்ணுங்க. 300ல ஓடுற ரயில் ஒரு ஸ்டேஷன்ல நின்னு கிளம்புனா, வேகம் கொறச்சு கூட்டுறதுல போற நேரம் கிட்டத்தட்ட 2 நிமிஷம் 47 விநாடி, நிக்குற நேரம் 2 நிமிஷம், ஆக மொத்தம் 5 நிமிஷம் அவுட். 500ல ஓடுனா அதே ஸ்டாப்புக்கு ஆறரை நிமிஷம் அவுட். எங்க தொகுதியில ஒரு ஸ்டாப், என் ஊர்ல ஒரு ஸ்டாப்னு ஆளாளுக்கு கேட்டு வாங்குனாங்கன்னா அந்த ரயில் பேருக்கு தான் ஹை ஸ்பீடு.

மேப் இருக்குல்ல, அத தொறங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு நேர்கோடு போடுங்க. வழியில மலை, ஆறு, ஊருங்க எத்தன இருக்குன்னு பாருங்க. வேகம் கூட கூட வளைவு ஸ்கொயர் கணக்குல பெருசாகணும். 1964 அக்டோபர் 1ல டோக்கியோ ஒசாகா நடுவுல ஷின்கான்சென், அதாவது ஜப்பானோட புல்லட் ரயில், தொறந்தப்போ வேகம் 210, வளைவோட ஆரம் 2500 மீட்டர்னு வச்சு கட்டுனாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்த லைன்ல 285க்கு மேல போக முடியல, அதுவும் ரயில லேசா சாய்ச்சு தான் வளைவுல அந்த வேகமே கிடைக்குது. அடுத்து கட்டுன சான்யோ லைன்ல 4000 மீட்டர் வச்சாங்க, 300 ஓடுது. இப்ப கட்டிட்டு இருக்குற சுவோ மேக்லெவ்ல 8000 மீட்டர். 8 கிமீ ஆரத்துல வளையுற ஒரு கோட்ட மலைநாட்டுல போட்டா எங்க போய் முட்டும்? மலைக்குள்ள தான். அதனால டோக்கியோவுல இருந்து நகோயா வரைக்கும் 286 கிமீல எண்பது சதவீதத்துக்கு மேல டன்னல். அப்போ மேக்லெவ் ப்ராஜெக்ட்னு நாம பேசுறதெல்லாம் உண்மையில டன்னல் ப்ராஜெக்ட், உள்ள ஒரு ரயில் ஓடும், அவ்ளோ தான்.

டன்னல்னா இன்னொரு தொல்லை இருக்கு, ரயில் உள்ள நுழைஞ்சதும் காத்து அமுங்கி அந்தப் பக்க வாய் வழியா டமார்னு வெடி மாதிரி சத்தம் வரும். ஷின்கான்சென் 500 சீரிஸ்க்கு மீன்கொத்தி அலகு மாதிரி மூக்கு வச்சதே அதுக்காக தான், எய்ஜி நகாட்சுன்னு ஒரு இஞ்சினியர், பறவை பாக்குறதுல பைத்தியமான ஆளு, அவருக்கு வந்த யோசனை. மீன்கொத்தி தண்ணிக்குள்ள பாயுறப்போ தெறிப்பே இல்லாம போகுதே, அத பாத்து. அந்த நீண்ட மூக்கு அழகுக்கு வச்சது இல்ல, சரி விஷயத்துக்கு வருவோம்.

காத்து. இத மட்டும் யாராலயும் ஏமாத்த முடியாது. மேக்லெவ்ல உராய்வே இல்ல அதனால கரெண்டே செலவாகாதுன்னு ஒரு கதை சுத்துது. சக்கரத்தோட உராய்வு இல்ல, சரி. ஆனா 300 தாண்டுனா ரயில இழுத்து பிடிக்குறதுல பெரும்பங்கு காத்து தான், சக்கரம் இல்ல. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட ஸ்கொயர்ல ஏறும், பவர் கியூப்ல ஏறும். 300ஐ 600 ஆக்குனா ஒரு கிமீக்கு காத்துக்காக போற எனர்ஜி 4 மடங்கு, மோட்டாருக்கு வேண்டிய பவர் 8 மடங்கு. எந்த கம்பெனி வந்து "வேகம் கூட, செலவு கம்மி"ன்னு சொன்னாலும் காத்த எப்படி கொறச்சீங்கன்னு கேளுங்க. சிஆர்450 விஷயத்துல அதுக்கு பதில் இருக்கு, மொத்த எதிர்ப்ப 22 சதவீதம் கொறச்சிருக்கோம்னு சொல்றாங்க. போட்டு பாத்தேன்: 350ல இருந்து 400க்கு போனா காத்து 1.31 மடங்கு ஏறும், அத 0.78 ஆல பெருக்குனா 1.02. அதாவது பழைய ரயில் 350ல தின்ன எனர்ஜியில இது 400 போகும். அவங்க நம்பர் சரியா இருந்தா கதை பொருந்துது. இந்த மாதிரி பொருந்துற கதைய பாத்தா தான் எனக்கு நம்பிக்கை வரும்.

காத்தையே உறிஞ்சி எடுத்துட்டா? அது தான் குழாய் ரயில், ஹைப்பர்லூப். 2013ல எலான் மஸ்க் பேப்பர் போட்டாரு. 2020 நவம்பர்ல நெவாடா பாலைவனத்துல 500 மீட்டர் குழாயில ரெண்டு பேர உக்கார வச்சு 172 கிமீ வேகத்துல ஓட்டுனாங்க. 2023 முடியுறப்போ அத ஓட்டுன விர்ஜின் ஹைப்பர்லூப் கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க. இயற்பியல் தப்பு இல்ல, ஆனா நூத்துக்கணக்கான கிமீ குழாய காத்து புகாம வச்சிருக்கணும், வெயில்ல இரும்பு நீளும், நடுவுல மாட்டிகிட்டா ஆள வெளிய எடுக்கணும். இப்ப சீனாவுல டாடோங்ல 2 கிமீ குழாய் வச்சு முயற்சி நடக்குது. நீளம் எத்தனன்னு கேக்குற மேல சொன்ன டெஸ்ட்ட அதுக்கும் போட்டுக்கோங்க.

மேக்லெவ்னு சொன்னா எந்த மேக்லெவ்னு தெரிஞ்சுக்க ஒரு குறுக்கு வழி, எவ்ளோ உயரம் மிதக்குதுன்னு பாருங்க. 10 மில்லிமீட்டர் பக்கம்னா ஜெர்மன் வழி: வண்டியில இருக்குற சாதாரண மின்காந்தம் ட்ராக்குக்கு கீழ இருந்து ட்ராக்க நோக்கி ஈர்க்கப்பட்டு வண்டிய தூக்கும், நின்னாலும் மிதக்கும், ஆனா இடைவெளிய ஒவ்வொரு நொடியும் கண்ட்ரோல் அளந்து சரி பண்ணிட்டே இருக்கணும், இல்லன்னா போய் ஒட்டிக்கும். 10 சென்டிமீட்டர்னா ஜப்பான் வழி: சூப்பர்கண்டக்டர், அதாவது ரொம்ப குளிர வச்சா தடையே இல்லாம கரெண்ட கடத்துற பொருள், நியோபியம் டைட்டானியம் சுருள திரவ ஹீலியத்துல மைனஸ் 269 டிகிரிக்கு குளிர வச்சது, ஓடுற வேகத்துல தான் தூக்கும், சுமார் 150 கிமீ வர வரைக்கும் ரப்பர் டயர்ல தான் உருளும். நிலநடுக்கம் வர நாட்டுக்கு அந்த 10 செமீ இடைவெளி ரொம்ப முக்கியம். ஹீலியம் விலை அதிகம், அதனால அது வேண்டாத, அவ்ளோ குளிர் தேவைப்படாத சூப்பர்கண்டக்டர டெஸ்ட் பண்ணிட்டு வராங்க, இந்த பக்கம் நியூஸ் வந்தா அத நான் விடாம படிப்பேன், வேக ரெக்கார்ட விட எதிர்காலத்துக்கு இது தான் பெருசு. ரெண்டு வழியிலயும் மோட்டாரோட பாதி ட்ராக்ல இருக்கு, முழு நீளத்துக்கும் சுருள் சுத்தி பதிக்கணும். ரயில் எளிசு, ட்ராக் காசு.

காசுன்னு வந்துட்டா மொத எஸ்டிமேட்ட நம்பாதீங்க, ரெண்டாவது எஸ்டிமேட் எப்ப வந்துச்சுன்னு தேடுங்க. மியூனிக் ஏர்போர்ட்டுக்கு டிரான்ஸ்ரேபிட் போட 185 கோடி யூரோன்னு ஆரம்பிச்சாங்க, 340 கோடின்னு ஆனதும் 2008 மார்ச்ல மூட்ட கட்டிட்டாங்க. சுவோ லைன் கிட்டத்தட்ட ஐந்தரை லட்சம் கோடி யென்னுல ஆரம்பிச்சு, 2021ல 7 லட்சம் கோடி, 2025ல 11 லட்சம் கோடின்னு போயிருக்கு. காச பாத்துட்டு வழியில யாரு மறுப்பாங்கன்னும் பாருங்க. அந்த லைன் ஷிசுவோகா மாகாணத்துக்குள்ள ஓடுறது 9 கிமீ கூட இல்ல, எல்லாம் டன்னல், ஸ்டேஷனும் கிடையாது. டன்னல் தோண்டுனா ஓய் ஆத்துத் தண்ணி வத்திடும்னு அவங்க ஒத்துக்கல. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், ரயில் நிக்கவே நிக்காது, தண்ணி மட்டும் போகும்னா யாரு தலையாட்டுவாங்க? 286 கிமீ லைன் தொறக்குறத அந்த 9 கிமீ வருஷக்கணக்குல தள்ளி வச்சுது.

பாதுகாப்பு பத்தி சுருக்கமா. மேக்லெவ் தடம் புரளாதுன்னு சொல்வாங்க, 2006 செப்டம்பர் 22ல ஜெர்மனி எம்ஸ்லாண்ட் டெஸ்ட் ட்ராக்ல அது புரளல தான், ட்ராக்ல நின்னுட்டு இருந்த மெயின்டனன்ஸ் வண்டி மேல போய் மோதுச்சு, 23 பேர் செத்தாங்க. வண்டி வெளிய வரதுக்கு முன்னாடியே கிளம்ப அனுமதி குடுத்துட்டாங்க. காந்தம் ஒழுங்கா தான் வேலை செஞ்சுது. அதனால புது டெக்னாலஜின்னா சிக்னலும் ஆளுங்களும் எப்படின்னு கேளுங்க.

இதெல்லாம் போட்டு பாத்து எனக்கு கிடைச்ச பதில் இது, ஒத்துக்கணும்னு இல்ல. அடுத்த இருவது வருஷத்துல பெரும்பாலான ஜனங்க ஏறப் போறது 300ல இருந்து 400க்குள்ள ஓடுற இரும்பு சக்கர ரயில்ல தான். மேக்லெவ் ரெண்டு எடத்துல நிக்கும். ஒண்ணு, ஏற்கனவே இருக்குற லைன் நிரம்பி வழியுற, ரெண்டு பக்கமும் கோடிக்கணக்குல ஜனம் இருக்குற டோக்கியோ நகோயா ஒசாகா மாதிரி பாதை. அங்க 286 கிமீய 40 நிமிஷத்துல போனா சராசரி 429 வருது, இப்ப ஒன்றரை மணி நேரம் ஆகுது, அது நிஜமான மிச்சம். இன்னொண்ணு யாரும் வீடியோ போடாத மெதுவான சிட்டி மேக்லெவ். 2005ல இருந்து ஜப்பான்ல ஓடுற லினிமோ வெறும் 100 கிமீ வேகம் தான், சாங்ஷாவுல 2016ல ஒண்ணு வந்துச்சு. சத்தம் கம்மி, ஏத்தம் நல்லா ஏறும், வீடுங்களுக்கு பக்கத்துலயே போகலாம். மூக்கு அழகா இல்ல, அதனால யாரும் ஷேர் பண்றதில்ல.

கடைசியா நான் பண்ற வேலை ஒண்ணு சொல்றேன். போன்ல ஒரு நோட் வச்சிருக்கேன். நியூஸ் வந்தா ரயில் பேரு, சொன்ன வேகம், ட்ராக் நீளம், இப்ப எந்த கட்டம், எப்ப ஓடும்னு சொன்னாங்க, இந்த அஞ்சையும் எழுதிடுவேன். கட்டம்னா படம் மட்டும் இருக்கா, ஷெட்ல நிக்குதா, டெஸ்ட் ஓடுதா, டெண்டர் விட்டாச்சா, தோண்ட ஆரம்பிச்சாச்சான்னு. வருஷத்துக்கு ஒரு தடவ தொறந்து பாப்பேன். முக்காவாசி வரி எழுதுன கட்டத்துலயே நிக்கும். சுவோ லைனுக்கு நேரா 2027ன்னு எழுதி வச்சிருந்தேன், 2024ல அது முடியாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க, அடிச்சுட்டு "2034க்கு முன்னாடி இல்ல"ன்னு மாத்தியிருக்கேன். அக்கா பையனுக்கும் அந்த நோட்ட ஷேர் பண்ணிட்டேன், இப்ப அவன் வீடியோ அனுப்புறப்பவே கீழ "ட்ராக் 1 கிமீ தான் மாமா"ன்னு போட்டு தான் அனுப்புறான்.